ஊளையிடும் ஊரில் புது ஷார்ட்ஸ்டாப்

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் செர்ரி ஹில் பக்கம் இருக்கிறோம். குடும்பமே பேஸ்பால் அணியான ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸின் ரசிகர்கள். பெரிய தொகைக்கு வந்த ஆட்டக்காரர் சொதப்பினால் மைதானத்தில் கூட்டத்தோடு சேர்ந்து நானும் ‘பூ...’ என்று ஊளையிட்டிருக்கிறேன். இப்போது அது என் வீட்டுக்கே வந்துவிட்டது. 16 வயது மகன் பழைய பள்ளி அணியில் நட்சத்திரம். இந்த வருடம் பள்ளி மாறினான். வந்த உடனேயே, மூன்று வருடமாக ஷார்ட்ஸ்டாப்பில் (செகண்ட், தேர்ட் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் இடம்) ஆடிய பையனை செகண்ட் பேஸுக்கு நகர்த்திவிட்டு இவனை அங்கே நிறுத்தினார் கோச். இதுவரை 20 தடவை பேட் செய்து 3 ஹிட்தான் (அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸை எட்டியது). பந்தைத் தப்பாக எறிந்து இரண்டு எரர் வேறு. பெற்றோர் வரிசையில் முணுமுணுப்பு, ஒருவர் அவன் காதில் விழும்படியே “இவனுக்காகவா அவனை மாற்றினார்கள்?” என்றார். வீட்டில் தினமும் 200 ஸ்விங் போடுகிறான், ஒன்றும் சரியாகவில்லை. 2023இல் தடுமாறிக்கொண்டிருந்த ஃபில்லீஸ் ஷார்ட்ஸ்டாப் ட்ரே டர்னருக்கு எங்கள் ஊரே எழுந்து நின்று கைதட்டியது, அவர் மாறிவிட்டார். அதுபோல மற்ற பெற்றோரிடம் நானே பேசி, அடுத்த ஆட்டத்தில் கைதட்டச் சொல்லலாமா? — ஒரு வாசகர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம், கேட்காதீர்கள். அப்பா ஏற்பாடு செய்த கைதட்டல் என்பது இரண்டாவது இன்னிங்ஸுக்குள் பையனுக்குத் தெரிந்துவிடும். அதற்கப்புறம் அவன் தலையில் இரண்டு பாரம்: ஹிட் அடிக்க வேண்டும், அப்பா பட்ட கடனையும் தீர்க்க வேண்டும்.

டர்னர் விஷயத்தில் நடந்ததை அந்த ஊர்க்காரரான உங்களுக்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. கதை சுற்றிச் சுற்றி வந்து இப்போது ‘கைதட்டினார்கள், குணமாகிவிட்டார்’ என்று சுருங்கிப்போயிற்று. 2022 டிசம்பரில் 11 ஆண்டுக்கு 30 கோடி டாலர் ஒப்பந்தத்தில் வந்தார். சீசன் தொடங்கும் முன்பே, மார்ச்சில் நடந்த உலக பேஸ்பால் கிளாசிக்கில் அமெரிக்காவுக்காக 5 ஹோம் ரன். அதில் ஒன்று வெனிசுவேலாவுக்கு எதிரான காலிறுதியில் எட்டாவது இன்னிங்ஸில் அடித்த கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் இருக்கும்போது அடிக்கும் ஹோம் ரன்). எதிர்பார்ப்பு எங்கே போய் நின்றிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் சராசரி .235 பக்கம் (நூறு பேட்டுக்கு 23, 24 ஹிட்) கிடந்தது. ஆகஸ்ட் 2 அன்று மயாமியில் கூடுதல் இன்னிங்ஸில் அவர் செய்த எரர் ஆட்டத்தையே கொண்டுபோனது. முடிந்ததும் நிருபர்கள் முன் நின்று, தோற்றதற்குத் தானே காரணம் என்றார். சாக்கு எதுவும் சொல்லவில்லை. அன்றிரவே கேஜுக்கு (வலைக்கூண்டு) போய்ப் பேட்டிங் பயிற்சியும் செய்தார்.

கைதட்டல் வந்தது அதற்கு இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 4 அன்று, கேன்சஸ் சிட்டிக்கு எதிரான ஆட்டத்தில். யோசனை ஊர் வானொலியிலும் யூடியூபிலும் ரசிகர்களே கிளப்பியது. டர்னர் தரப்பிலிருந்து யாரும் கேட்கவில்லை. அன்று ஃபில்லீஸ் தோற்றது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அடுத்த நாள் ஹோம் ரன் அடித்தார். அங்கிருந்து கடைசி 48 ஆட்டங்களில் சராசரி .337, 16 ஹோம் ரன். சீசன் முடிவில் .266, 26 ஹோம் ரன், 30 பேஸ் திருட்டு (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது), ஒருமுறைகூடப் பிடிபடவில்லை. ஊரெங்கும் மின்னணு விளம்பரப் பலகைகளில் ரசிகர்களுக்கு நன்றி சொன்னார். 2025இல் .304 அடித்து நேஷனல் லீகின் பேட்டிங் பட்டத்தையும் எடுத்தார்.

கைதட்டல் உதவியிருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதற்கு முன்பே பல வருடமாக .300 பக்கத்தில் அடித்துவந்த மனிதர் அவர். அப்படிப்பட்டவர் நான்கு மாதம் .235இல் கிடந்தால், ஐந்தாவது மாதம் மேலே வரத்தான் அதிக வாய்ப்பு, யார் கைதட்டினாலும் தட்டாவிட்டாலும்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போடலாம், உங்கள் மகனுக்கும் இது தேவை. ஆகஸ்ட் 4க்கு முன் டர்னர் சுமார் 107 ஆட்டத்தில் ஏறக்குறைய 450 தடவை பேட் செய்திருந்தார். .235க்கும் .300க்கும் உள்ள இடைவெளி அதில் 29 ஹிட். அதாவது நாலு ஆட்டத்துக்கு ஒரு ஹிட் குறைவு, அவ்வளவுதான். ஷார்ட்ஸ்டாப் கை நீட்டிப் பிடித்துவிட்ட, நேராகப் பறந்த ஒரு பந்து, கோட்டுக்கு அரை அடி வெளியே விழுந்த ஒரு பந்து என்று இந்த வித்தியாசம் சேர்ந்துவிடும். உங்கள் பையன் உண்மையிலேயே .300 அடிக்கக்கூடியவன் என்று வைத்துக்கொண்டாலும், 20 தடவையில் 3 அல்லது அதற்கும் குறைவான ஹிட் வர நூற்றுக்கு 11 வாய்ப்பு உண்டு. திறமை தேயாமலே, காயம் படாமலே, ஒன்பதில் ஒரு தடவை இப்படி நடக்கும். பேட்டிங் சராசரி ஒரு ஆளின் உண்மைத் தரத்தைக் காட்ட ஏறக்குறைய 900 பேட் ஆகும் என்பது எண்களை ஆராய்கிறவர்கள் சொல்வது. ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் வாங்கி வெளியேறுவது) விகிதத்துக்கு 60 தடவை போதும். ஆகவே இப்போதைக்கு நீங்கள் எண்ண வேண்டியது ஹிட்டை அல்ல. அவன் எத்தனை தடவை ஸ்ட்ரைக் அவுட் ஆனான், எந்தப் பந்துக்கு ஆனான் என்பதைத்தான்.

உடம்பில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 95 மைல் வேகப் பந்து, அதை எறியும் பிட்சரின் கையை விட்டு பேட்டர் முன்னால் உள்ள ஹோம் பிளேட்டைத் தொட ஏறக்குறைய 0.4 விநாடி. பள்ளியில் 80 மைல் என்றால் கொஞ்சம் கூடுதல். அதில் மட்டையைச் சுழற்றவே 0.15 விநாடி போய்விடும். மிச்சத்தில்தான் பந்தைப் பார்த்து, இனம் கண்டு, அடிப்பதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். பதற்றத்தில் இருக்கிறவன் இந்த நேரத்தைத் தானே திருடிக்கொள்கிறான். ஃபாஸ்ட்பாலுக்குப் பிந்திவிடுவோமோ என்று சீக்கிரமே கிளம்பிவிடுவான். கிளம்பியபின் பந்து ஸ்லைடராக வெளியே வளைந்தால் நிறுத்த முடியாது. பிடி இறுகும், முன்கை இறுகும், மட்டையின் வேகம் குறையும். வேகம் குறைந்ததை ஈடுகட்ட இன்னும் சீக்கிரம் கிளம்புவான். எதிரணி பிட்சர் இதை ஒரே ஆட்டத்தில் கண்டுபிடித்துவிடுவான். அப்புறம் நல்ல பந்தே போடமாட்டான்.

இன்னொரு கேடு, தன் கையைத் தானே கண்காணிப்பது. 2004இல் ராப் கிரே என்ற ஆய்வாளர் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. தேர்ந்த கல்லூரி பேட்டர்களிடம், ஒரு ஒலி கேட்டதும் மட்டை மேலே போகிறதா கீழே வருகிறதா என்று சொல்லச் சொன்னார், அடி கெட்டுப்போனது. அந்த ஒலி உயர்ந்ததா தாழ்ந்ததா என்று மட்டும் கேட்டபோது அப்படிக் கெடவில்லை. கற்றுக்குட்டிகளுக்கு இது தலைகீழ். உங்கள் மகன் கற்றுக்குட்டி அல்ல. “முழங்கையைத் தூக்கு, இடுப்பைத் திருப்பு” என்று வேலிக்கு வெளியிலிருந்து யாராவது கத்திக்கொண்டிருந்தால் (நீங்களாக இருக்கக்கூடாது என்று நம்புகிறேன்) அதை இன்றோடு நிறுத்த வேண்டும்.

200 ஸ்விங்கையும் நிறுத்தச் சொல்லுங்கள். 60க்கு மேல் போகிறபோது கை சோர்ந்து, தப்பான ஸ்விங்கையே மீதி 140 தடவை மனப்பாடம் செய்கிறான். தினமும் 40 போதும். 20 டீயில் (பந்தை மேலே வைத்து அடிக்கும் கம்பு): பந்து உடம்புப் பக்கம் வேண்டாம், பிளேட்டின் வெளி மூன்றில் ஒரு பங்கில், வழக்கத்தைவிட ஒரு சாண் பின்னால் தள்ளி, தொடை நடு உயரத்தில் இருக்கட்டும். வலக்கை பேட்டர் என்றால் எல்லாவற்றையும் ரைட் ஃபீல்டு பக்கம் அடிக்க வேண்டும். பந்து ஆழமாக இருப்பதால் சீக்கிரம் கிளம்பினால் தானாகவே தப்பும். யாரும் திருத்திச் சொல்லத் தேவையில்லை. மீதி 20 எதிரிலிருந்து மெதுவாகப் போடும் பந்தில். பத்துப் பத்தாகப் பிரித்து, நடுவில் இரண்டு நிமிடம் மட்டையைக் கீழே வைக்கட்டும்.

இதைவிடப் பலன் தருவது அடிக்காமல் நிற்கும் பயிற்சி. அணியின் பிட்சர் புல்பென்னில் (பிட்சர்கள் பயிற்சி செய்யும் இடம்) போடும்போது, கோச் அனுமதியோடு, ஹெல்மெட்டுடன் பேட்டர் இடத்தில் நின்று 20 பந்தைப் பார்க்கட்டும். மட்டை அசையக்கூடாது. ஒவ்வொரு பந்தும் பிளேட்டைத் தாண்டுவதற்குள் “ஸ்ட்ரைக்” (அடிக்க வேண்டிய எல்லைக்குள் வந்தது) அல்லது “பால்” (வெளியே போனது) என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்; பின்னால் இருக்கும் கேட்சர் சரிபார்ப்பான். 20க்கு 16 சரி என்றால் கண் நன்றாகத்தான் இருக்கிறது. முதல் நாள் 11, 12தான் வரும், பயப்பட வேண்டாம்.

பந்துக்கும் பந்துக்கும் நடுவே என்ன செய்வது? மேஜர் லீகில் (அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீக்) 2023இல்தான் பிட்ச் கிளாக், அதாவது அடுத்த பந்துக்கான கடிகாரம், வந்தது: பேஸில் ஆள் இல்லையென்றால் 15 விநாடி, கடிகாரத்தில் 8 விநாடி மிச்சம் இருக்கும்போதே பேட்டர் தயாராக நின்றாக வேண்டும். புது ஊரில் தடுமாறியவர்களுக்கு ஆற அமர மூச்சுவிடும் இடமும் அந்த வருடம் போயிற்று. ஆகவே சடங்கு சின்னதாக இருக்க வேண்டும், ஏழு விநாடிக்குள் முடிய வேண்டும். ஒரு கால் வெளியே, மட்டையில் உள்ள முத்திரையைப் பார்வை பிடிக்கட்டும், இரண்டு விநாடி மூச்சை இழுத்து நாலு விநாடி விடட்டும், உள்ளே வரட்டும். மேஜர் லீகில் ஆடிய இவான் லொங்கோரியா பதற்றம் வந்தால் லெஃப்ட் ஃபீல்டு ஓரத்தில் உள்ள ஃபவுல் கம்பத்தைப் பார்ப்பார். எதைப் பார்க்கிறோம் என்பது முக்கியமில்லை, அது நகராத பொருளாக இருக்க வேண்டும். ஸ்கோர்போர்டும் பெற்றோர் வரிசையும் கூடாது. அவருக்கு இதைக் கற்றுக்கொடுத்த விளையாட்டு உளவியலாளர் கென் ரவீசா, கலிஃபோர்னியாவின் கால் ஸ்டேட் ஃபுல்லர்டன் பல்கலைக்கழக அணிக்கு ஒரு பொம்மைக் கழிப்பறைக் கோப்பையையே டக்அவுட்டில் (அணி உட்காரும் இடம்) வைத்தார். மோசமாக ஆடிவிட்டு வருகிறவன் அதன் கைப்பிடியை அழுத்தித் தண்ணீர் ஊற்றி விடுவதுபோல் செய்ய வேண்டும். சிரிப்பாக இருக்கும். 2004இல் 15 வெற்றி, 16 தோல்வி என்று தொடங்கிய அந்த அணி அதே வருடம் கல்லூரி உலகத் தொடரை வென்றது.

இனி பெற்றோர் வரிசை. ஃபிலடெல்ஃபியா கூட்டத்தை உற்றுப் பார்த்தால் ஒன்று புரியும்: எண் மோசமானால் கத்துவார்கள், ஆனால் அக்கறை இல்லை என்று தோன்றினால்தான் வன்மம் வைப்பார்கள். ஏரன் ரோவண்ட் 2006இல் ஃபில்லீஸுக்குப் புதிதாக வந்தவர். மே 11 அன்று பேஸ் முழுக்க ஆள் இருக்கும்போது ஓடிப்போய்ப் பந்தைப் பிடித்து, சென்டர் ஃபீல்டு வேலியில் முகத்தை மோதி மூக்கை உடைத்துக்கொண்டார். பந்தை விடவில்லை. அந்த ஒரு பிடியில் ஊர் அவருடையதாகிவிட்டது, அதற்குப் பிறகு சராசரியை யாரும் கேட்கவில்லை. 1995இல் ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான ஈகிள்ஸுக்கு வந்த ரிக்கி வாட்டர்ஸ் முதல் ஆட்டத்திலேயே, அடி விழும் என்று தெரிந்த பந்துக்குக் கையை நீட்டாமல் விட்டார். கேட்டதற்கு, யாருக்காக, எதற்காக என்று திருப்பிக் கேட்டார். பிறகு எத்தனை நன்றாக ஆடியும் அந்தச் சொல்லை ஊர் மறக்கவில்லை.

தப்பைச் சொல்லித் தப்பித்தவரும் உண்டு. 2022 ஏப்ரல் 11 அன்று ஃபில்லீஸின் அலெக் போம் மூன்று எரர் செய்தார். கூட்டம் கேலியாகக் கைதட்ட, அவர் இந்த இடத்தையே வெறுக்கிறேன் என்று முணுமுணுத்தது கேமராவில் பதிந்தது. ஆட்டம் முடிந்ததும் மழுப்பாமல், ஆமாம் சொன்னேன், கோபத்தில் வந்தது, அப்படி நினைக்கவில்லை என்றார். அடுத்த முறை மைதானத்தில் தலைகாட்டியபோது எழுந்து நின்று கைதட்டினார்கள். ஃபில்லீஸின் மைக் ஷ்மிட் அறிமுக முழு சீசனில் .196 அடித்தவர், பின்னாளில் 548 ஹோம் ரன். 1985இல் உள்ளூர் ரசிகர்களைப் பத்திரிகையில் கடிந்து பேசிவிட்டு, அடுத்த உள்ளூர் ஆட்டத்துக்கு டோப்பாவும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு வந்தார். கத்தக் காத்திருந்த கூட்டம் சிரித்துவிட்டது. எதிர்ப்பக்கம், 2021 ஆகஸ்டில் நியூ யார்க் மெட்ஸ் ஆட்டக்காரர்கள் சிலர், ஹாவியர் பாயெஸும் ஃபிரான்சிஸ்கோ லிண்டோரும் உட்பட, ஊளையிட்ட சொந்த ரசிகர்களுக்குப் பதிலடியாகக் கட்டைவிரலைக் கீழே காட்டினார்கள். இரண்டு நாளில் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது.

லிண்டோரிடமிருந்து உங்கள் மகனுக்கு நேரடியாக ஒரு பாடம் இருக்கிறது. 34.1 கோடி டாலருக்கு ஒப்பந்தமான அதே 2021இல் .230தான் அடித்தார். மே மாதம், ஒரு பந்துக்கு இரண்டு பேரும் போய் இடறிக்கொண்டதில், செகண்ட் பேஸ்காரர் ஜெஃப் மெக்நீலோடு டக்அவுட்டுக்குப் பின்னால் கைகலப்பு அளவுக்குப் போனது. வெளியே வந்து, பார்த்த பிராணி எலியா ரக்கூனா என்று விவாதம் என்றார்கள், நாடே சிரித்தது. ஷார்ட்ஸ்டாப்பும் செகண்ட் பேஸும் பேசிக்கொள்ளாத அணியில் நடுவே போகும் ஒவ்வொரு பந்தும் வம்புதான். உங்கள் பையன் இடத்தைப் பிடித்துக்கொண்ட அந்தச் சிறுவன்தான் இப்போது பக்கத்தில் நிற்கிறான். இவன்தான் போய்க் கேட்க வேண்டும்: “இந்த மைதானத்தில் பந்து எங்கே எகிறும்? டபுள் ப்ளேக்கு உனக்கு எந்தப் பக்கம் போட்டால் சௌகரியம்?” பயிற்சிக்குப் பின் இருவரும் சேர்ந்து 15 டபுள் ப்ளே (ஒரே பந்தில் இருவரை அவுட் ஆக்குவது). அந்தப் பையனின் பெற்றோர் முணுமுணுப்பை நிறுத்தினால் மற்றவர்களுக்கு முணுமுணுக்க ஆள் இல்லை.

எறிவதில் வந்த இரண்டு எரரும் அவசரத்தில் வந்தவை என்றே நினைக்கிறேன். பள்ளி அளவில் வலக்கை பேட்டர் முதல் பேஸை அடைய சுமார் 4.4 விநாடி. தரைப் பந்து இவனிடம் வர இரண்டு விநாடி, எறிந்த பந்து போய்ச் சேர ஒன்றேகால். நடுவே ஒரு விநாடிக்கு மேல் கிடக்கிறது. காலை நகர்த்தாமல் நின்ற இடத்திலிருந்து எறிவதுதான் பிழை. பிடித்ததும் முதல் பேஸ் நோக்கி இரண்டு எட்டு, பிறகு எறி. தினமும் 25 பந்து. முதல் பத்து பாதி வேகத்தில். அதோடு ஒரு காரியம்: தரையில் உருண்டு அவுட் ஆவது உறுதியான பந்துக்கும் 90 அடியை முழு வேகத்தில் ஓடித் தாண்ட வேண்டும். ஓட்டத்துக்கு ஃபார்ம் போவதில்லை. முன்னாள் ஃபில்லீஸ் ஆட்டக்காரர் சேஸ் அட்லியை உங்கள் ஊர் இன்றும் கொண்டாடுவதில் பாதி இதற்காகத்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது குறைவு. ஆட்டம் முடிந்து வண்டியில் வரும்போது ஆட்டப் பேச்சு வேண்டாம். அவனே தொடங்கினால் கேட்டுக்கொள்ளுங்கள். சத்தமாகப் பேசிய அந்தப் பெரியவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். ஃபில்லீஸ் ஆட்டத்தில் நீங்கள் ஊளையிடலாமா என்று கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் அந்தக் குற்றவுணர்ச்சி தெரிகிறது. சீட்டு வாங்கியவர் சோம்பலான ஆட்டத்துக்குக் கத்தலாம். அதே ஊரில் 1960களில் கறுப்பின நட்சத்திரம் டிக் ஆலன் மீது பொருள்களை வீசினார்கள், அவர் ஃபீல்டிங்கிலும் ஹெல்மெட் போட்டு நின்றார்; 2020இல் இறந்தார், புகழ் மன்றத்துக்கு 2024இல்தான் தேர்வானார். 1999இல் எதிரணி ஆட்டக்காரர் ஜே.டி. ட்ரூ மீது பேட்டரிகளை எறிந்தார்கள். கத்துவதற்கும் அதற்கும் நடுவில் இருக்கும் கோடு எல்லாருக்கும் தெரியும்.

மூன்று வாரம் கழித்தும், காலை நகர்த்தி எறிந்தும், எளிய பந்தே கையை விட்டு எங்கோ போகிறது என்றால் அது வேறு வகை. நியூ யார்க் யாங்கீஸின் சக் நாப்ளாக் போன்ற, சிறந்த ஃபீல்டருக்கான தங்கக் கையுறை விருது வாங்கியவருக்கே அது வந்தது. அப்போது கோச்சிடம் சொல்லி எறிவதிலிருந்து சில நாள் ஓய்வு கொடுத்து, நேரில் ஒரு விளையாட்டு உளவியலாளரைப் பாருங்கள். தூக்கமோ சாப்பாடோ கெட்டால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம், பள்ளி ஆலோசகரிடம் உடனே பேசுங்கள்.

அடுத்த ஆட்டத்துக்கு ஒரு சின்ன நோட்டு எடுத்துப் போங்கள். ஒவ்வொரு பேட்டுக்கும் மூன்று கட்டம் போடுங்கள்: எத்தனை பந்து பார்த்தான், ஸ்ட்ரைக் ஸோனுக்கு வெளியே எத்தனை பந்துக்கு மட்டை வீசினான், பந்தைப் பலமாக அடித்தானா. ஹிட் என்று ஒரு கட்டம் வேண்டாம். அவன் கேட்டால் மட்டும் காட்டுங்கள்.